தண்ணிப் பசைக்காரி

இன்று காலை மதுரையிலிருந்து வரும் பசை வியாபாரி நம் செருப்புப் பட்டறைக்கு வந்தான். நான் ஏதும் கேட்பதற்கு முன்பே ஒரு தகர டப்பாவைத் தரையில் வைத்து, திருப்புளியால் மூடியை நெம்பித் திறந்தான். அந்த வாசனை எழும்பியது. பெட்ரோலோடு கனிந்து அழுகிய பழத்தைச் சேர்த்தது போல, முதலில் தொண்டையில் இனிப்பாக இறங்கி, பிறகு நெற்றிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளுமே, அதே வாசனை. பஞ்சர் கடைகளைக் கடக்கும்போது லேசாக முகர்ந்திருக்கிறேன். இவ்வளவு கிட்டத்தில், ஒரு முழு டப்பாவாக, எட்டு வருடத்துக்குப் பிறகு இன்றுதான்.

"மழைக்காலம்க்கா. ஒங்க தண்ணிப் பசை காயுறதுக்குள்ள தீவாளி போயி பொங்கல் வந்துரும். ரெண்டு மாசத்துக்கு மட்டும் இத அடிங்க. பத்து நிமிசத்துல கவ்விக்கிரும்" என்றான்.

"மூடு" என்றேன்.

"ஒரே ஒரு ஜோடி ஒட்டிக் காட்டிட்டு..."

"தம்பி, மொதல்ல மூடியப் போடு. வெளிய கொண்டு போயி வையி. பொறவு பேசுவோம்."

அவன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு பேச வரவில்லை. நான் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். சாரல் உள்ளே அடித்தது. வார் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் உன்னைப் பார்த்ததே இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ படிக்கப்போவதில்லை. ஆனாலும் இதையெல்லாம் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நாம் எதிரெதிரே உட்கார்ந்து செருப்பு ஒட்டிய அந்தக் கொட்டகை இன்னும் இருக்கிறது. மேலப்பாளையத்துக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டி, தகரக் கூரை. நான் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் ஏறி, பாளையங்கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி வருவேன். நீ வீட்டிலிருந்து நடந்தே வருவாய். அதற்கு முன் நீ பீடி சுற்றிக்கொண்டிருந்தாய், நான் நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்குமே குனிந்து குனிந்து முதுகு போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதே நமக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பசைக்கு அங்கே சொல்யூஷன் என்று பெயர். பிரஷால் அடி ரப்பரில் ஒரு பூச்சு, மேல்பாகத்தில் ஒரு பூச்சு, கொஞ்ச நேரம் விட்டு ஒரு அழுத்து. அவ்வளவுதான், பிய்த்தாலும் வராது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள ரப்பரையும் பிடிக்கும், மழை நாளிலும் பிடிக்கும். அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு சீக்கிரம் எப்படிக் காய்கிறது என்று நாம்தான் யோசிக்கவில்லை. காய்கிறது என்றால் அதில் உள்ள ஏதோ ஒன்று ஆவியாகக் கிளம்பிப் போகிறது. கொட்டகையில் இருந்ததே இரண்டு ஜன்னல். ரெக்சின் மேல் தூசி படிந்துவிடும் என்று அந்த இரண்டையும் அடைத்து வைத்திருந்தார்கள். கிளம்பிய ஆவிக்குப் போக வேறு இடம் இல்லை. நம் மூக்குக்குள் போனது.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நமக்குச் சும்மாவே சிரிப்பு வரும், ஞாபகம் இருக்கிறதா? யாராவது பிரஷைக் கீழே போட்டால் சிரிப்பு. சூப்பர்வைசர் தும்மினால் சிரிப்பு. நீ மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிப்பாய். நாம் சந்தோஷமாக வேலை பார்க்கிறோம் என்று நான் நினைத்திருந்தேன். சாயங்காலம் பஸ்ஸில் அந்தச் சிரிப்பு தலைவலியாகத் திரும்பி வரும். வீட்டில் சோற்றைப் பார்த்தாலே குமட்டும். "ஒன் வாயில பெட்ரோல் வாசம் அடிக்கி" என்று என் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஐந்தாவது வருடத்தில் ஒரு சாயங்காலம். வேலை முடிந்து ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். உன் இடது கால் வெறும் காலாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் முப்பது அடிக்குப் பின்னால் செருப்பு தனியாகக் கிடக்கிறது. நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். "என்னளா, செருப்பு கழந்து விழுறது கூடவா தெரியாது?" என்றேன். நீயும் சிரித்தாய். செருப்பு ஒட்டுகிறவளுக்குத் தன் செருப்பு காலில் ஒட்டவில்லை என்று கேலி பண்ணிக்கொண்டே போனோம்.

இரண்டாவது தடவை கழன்றபோது நீ சிரிக்கவில்லை. நின்று, குனிந்து, காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சுடுதானு தெரியல, குளுருதானு தெரியல. கால் வேற யாரோடதோ மாதிரி இருக்குளா" என்றாய். அடுத்த மாதம் சம்மணத்திலிருந்து எழுந்திருக்க உனக்கு ஒரு கை வேண்டியிருந்தது. அதற்கடுத்த மாதம் கத்தரிக்கோல் விரலிலிருந்து நழுவியது.

சூப்பர்வைசர் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம் வாங்கிக்கொடுத்தார். "பொம்பளையளுக்கு ரத்தம் கம்மி. அதாம்மா கெறக்கம் வருது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் அதை உண்மையாகவே நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

தெருமுனை கிளினிக்கில் சத்து ஊசி போட்டார்கள். ஊசி போட்ட இடம் வலித்ததே தவிர கால் சரியாகவில்லை. கடைசியில் உன் வீட்டுக்காரர் தன் ஆட்டோவிலேயே உன்னைப் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் லீவு போட்டு வந்தேன். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா. உன்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் ஒவ்வொரு கால்விரலாகத் தொட்டு, "எங்க தொடுறேன்?" என்று கேட்டார். நீ பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாய். அவர் இன்னும் தொடவே இல்லை என்று நீ நினைத்திருக்கிறாய். அதன் பிறகுதான் அவர் அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாய். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பசை டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்ல முடியுமா? அது தெரிஞ்சா எனக்கு உறுதியா எழுதித் தர முடியும்" என்றார்.

நம் மேசைக்கு வருகிற டப்பாக்களில் எதுவும் எழுதியிருக்காது. பெரிய டிரம்மிலிருந்து பழைய பெயிண்ட் டப்பாக்களில் ஊற்றித்தான் கொடுப்பார்கள். டிரம் இருப்பது ஸ்டோர் ரூமில். எப்படியாவது பார்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டே திரும்பினோம்.

அதற்குள் அந்த நாள் வந்துவிட்டது. நம் செருப்பை மொத்தமாக வாங்குகிற சென்னைக் கம்பெனியிலிருந்து ஒருவர் கொட்டகையைப் பார்வையிட வந்தார். முந்தின நாளே ஜன்னல்களைத் திறந்து ஒட்டடை அடித்தார்கள். வாடகைக்கு ஆளுயர ஃபேன்கள் நான்கு வந்தன. டப்பாக்களில் முக்கால்வாசி பின்பக்கம் போயின. எல்லார் முகத்துக்கும் புதுத்துணி முகமூடி. அந்தச் சென்னைக்காரர் கையில் அட்டையோடு வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே நம் மேசையைக் கடந்தார்.

நீ மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய்.

"சார், ஒரு நிமிசம். இந்த ஃபேன் இன்னைக்குத்தான் வந்துருக்கு. சன்னலும் இன்னைக்குத்தான் தொறந்துருக்கு. பின்னால போன டப்பாவ எல்லாம் இங்கன கொண்டாந்து வச்சி, சன்னல அடச்சிட்டு, ஒரு மணி நேரம் எங்ககூட உக்காந்து பாருங்க. பொறவு எழுதுங்க."

நீ குரலை உயர்த்தவே இல்லை. விருந்தாளியிடம் காபி குடிக்கிறீர்களா என்று கேட்பது போலத்தான் கேட்டாய்.

சூப்பர்வைசர் சிரித்தார். "அதுக்கு ஒடம்பு சரியில்ல சார். வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல. வேணும்னா இந்தப் பிள்ளையக் கேளுங்க, எதுத்தாப்புலதான் இருக்கு. ஏம்மா, ஒனக்கு ஏதும் செய்யுதா?"

என்னைத்தான் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை.

"ஒண்ணும் செய்யல சார்" என்றேன்.

இதை நான் யாருக்கும் எழுதியதில்லை. என் வீட்டுக்காரர் அறுவடை மெஷினோடு ஆந்திரா வரைக்கும் போயிருந்தார், பிள்ளைகள் இருவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனாலும் நான் சொன்னது பொய்.

மறுநாள் உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். உள்ளே வரவில்லை. உன் உம்மா என்னைப் பார்த்ததும் அடுக்களைக்குள் போய்விட்டார்கள். நீ சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய்.

"ஏளா, அங்கனயே ஏன் நிக்க? வா."

நான் அழ ஆரம்பித்தேன். நீ, "அழுகதுக்கு வந்தியா, பேச வந்தியா?" என்று கேட்டாய். "ஒனக்கு ரெண்டு புள்ள இருக்குனு எனக்குத் தெரியாதா? அத விடு. நீ இன்னும் உள்ளதான் இருக்க. ஸ்டோர்ல அந்த டிரம்முல என்ன எழுதிருக்குனு பாத்துட்டு வா."

நீ என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஒரு வேலையைக் கொடுத்தாய். அது எனக்கு மன்னிப்பைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் தடவை ஸ்டோருக்குள் போய் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு எழுத்துகூட இல்லை. பசை துடைக்கிற தின்னர் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இரண்டாவது தடவை பென்சிலும் பஸ் டிக்கெட்டுகளும் கொண்டுபோனேன். அர்த்தம் தெரியாமல், ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக, டிரம்மில் இருந்தபடியே வரைந்தேன். மூன்று டிக்கெட்டின் பின்பக்கம் நிறைந்தது. வெளியே வரும்போது சூப்பர்வைசர் எதிரே நின்றார். "ஸ்டோர்ல ஒனக்கு என்னம்மா சோலி?" என்றார். "பிரஷ் தேஞ்சிட்டு அண்ணாச்சி" என்றேன். அந்தப் பொய்க்காக நான் வருத்தப்படவே இல்லை.

டாக்டரம்மா டிக்கெட்டுகளை வரிசையாக வைத்துப் படித்தார். இரண்டாவது டிக்கெட்டில் விரலை வைத்தார். "ஹெக்சேன். இதுதான்" என்றார். பசையை இளக்கி வைப்பதற்காக அதைச் சேர்ப்பார்கள், பூசியதும் அதுதான் ஆவியாகிப் போகிறது, மூச்சில் உள்ளே போனால் வருடக்கணக்கில் நரம்பைக் கெடுக்கும் என்று விளக்கி, அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். "உடம்புலயே நீளமான நரம்பு காலுக்குப் போறதுதான். அதனால முதல்ல அங்கதான் தெரியும். ஒண்ணு சொல்றேன், பயப்படக் கூடாது. வேலைய விட்ட பிறகும் ரெண்டு மூணு மாசம் இன்னும் மோசமாகும். அதுக்கப்புறம் மெதுவாத் திரும்பும். முழுசா வருமானு இப்ப சொல்ல முடியாது."

அவர் சொன்னபடியே நடந்தது. வீட்டில் இருக்க இருக்க நீ மோசமானாய். குளிக்க உன்னைத் தூக்கிப்போக வேண்டியிருந்தது. தெருவில் பேசினார்கள். பசைதான் காரணம் என்றால், வேலையை விட்ட பிறகு ஏன் கூடுகிறது? செய்வினை என்றார்கள். கம்பெனியைப் பகைத்துக்கொண்ட பலன் என்றார்கள். உன் உம்மாவே ஓதிப் பார்க்க ஆள் கூட்டிவந்தார்கள். நீ ஓதுகிறவரை ஓத விட்டாய். முடிந்ததும், "டாக்டர் சொன்ன நாளு இன்னும் முடியல. முடியட்டும், பாப்போம்" என்றாய்.

நான் அந்த மூன்றாவது மாதத்தில் வேலையை விட்டேன். ஒரு காலையில் பஸ் படியில் ஏறும்போது என் வலது கால் பெருவிரல் மரத்திருந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி எதிர்ப் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். என்னிடமும் தைரியம் இருந்தது என்று இதை வைத்து யாரும் நினைக்க வேண்டாம். என் காலுக்கு வந்த பிறகுதான் விட்டேன்.

நான்காவது மாதக் கடைசியில் நீ உன் கால் கட்டைவிரலை அசைத்தாய். அரிசி அளவுதான் அசைந்தது. உன் வீட்டுக்காரர் ஆட்டோவை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும் நீ முதலில் கேட்டது, "செருப்பு செய்யத் தெரிஞ்சவ எதுக்குளா மறுபடி பீடி சுத்தணும்?" என்றுதான். டாக்டரம்மா பேச்சுவாக்கில் தண்ணீரில் கரைத்த பசை ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருந்தார். நீ அதை விடவில்லை. உன் வீட்டுக்காரர் போனில் தேடித் தேடி, கடைசியில் ஒரு கேன் வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்தோம். பால். அப்படியே பசும்பால் மாதிரி. குனிந்து முகர்ந்தால் லேசாக ஒரு புளிப்பு, அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வாசனை இல்லாதது எப்படி ஒட்டும் என்று என் மூக்கு கேட்டது. "இது ஒட்டுமாளா?" என்றேன். "ஒட்ட வைப்போம்" என்றாய்.

ஒட்டவில்லை. அந்த வருட ஐப்பசி மழையில் நாம் செய்த முதல் நாற்பது ஜோடியும் வாயைத் திறந்துகொண்டன. பாளையங்கோட்டைக் கடைக்காரர் ஒரு சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பினார். பழைய கம்பெனிக்குச் செய்தி போய்விட்டது. "தண்ணியில செஞ்ச பசை தண்ணியிலயே போயிட்டு" என்று அங்கே சிரித்தார்களாம். தெருவில் உனக்குப் பேரும் வைத்தார்கள். தண்ணிப் பசைக்காரி.

நான் சாக்கை ஆற்றில் கொட்டிவிடலாம் என்றேன். நீ அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செருப்பாகப் பிரித்துப் பார்த்தாய். பிறகு இரண்டு செருப்பை என் முகத்துக்கு நேராக நீட்டினாய்.

"இங்கன பாரு. பசை பூராவும் மேல்பக்கத்துல நிக்கி, அடி ரப்பருல ஒண்ணுமே இல்ல. ரப்பரு வழுவழுனு இருக்கு. நாம அத ஒரசவே இல்லலா? இதப் பாரு, நடுவுல இன்னும் வெள்ளையா இருக்கு. ஈரத்தோட அமுக்கிருக்கோம். பசை மேல தப்பு இல்லளா. நாமதான் பழைய பசைக்குக் காட்டுன அவசரத்த இதுக்கும் காட்டிருக்கோம்."

அதிலிருந்து நாம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றோம். அடியை உப்புத்தாளால் உரசி, துடைத்து, உலரவிட்டுப் பூச வேண்டும். மெல்லிசாக, இரண்டு பக்கமும். பழைய பசை கெட்டியாகப் பூசினாலும் காய்ந்துவிடும். இது கெட்டியாகப் பூசினால் நடுவில் ஈரம் நிற்கும். பூசிய பிறகு வெள்ளை மறைந்து கண்ணாடி போல ஆகும்வரை தொடக் கூடாது. அதன் பிறகும் அது தானாகக் கவ்வாது. கொஞ்சம் சூடு காட்டினால்தான் விழிக்கும். உன் வீட்டுக்காரர் ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி அடித்து, உள்ளே வரிசையாகக் குண்டு பல்புகளும் கம்பி வலையும் ஓர் ஓரத்தில் சின்ன ஃபேனும் வைத்தார். மழை நாளிலும் பெட்டிக்குள் நமக்குச் சித்திரை மாதம்தான்.

முதலில் தேறிய ஜோடியை மூன்று நாள் வாளித் தண்ணீரில் போட்டாய். அது போதாது என்று என்னிடம் கொடுத்து, "ஒங்க ஊரு வயல்ல போட்டுட்டு நட" என்றாய். நான் அதைப் போட்டுக்கொண்டு சீவலப்பேரியில் வரப்பிலும் வாய்க்காலிலும் ஆற்று மணலிலும் ஒரு வாரம் நடந்தேன். சேறு அப்பி இழுத்தது. வார் அறுந்தது. ஒட்டு விடவில்லை. அறுந்த செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உன் முன்னால் வைத்தபோது நீ ஒட்டுப் பகுதியை நகத்தால் கீறிப் பார்த்தாய். பிறகு தெருப்பக்கம் திரும்பி, யாரையும் பார்த்து என்றில்லாமல், சத்தமாகச் சொன்னாய்: "தண்ணிப் பசைக்காரி செஞ்ச செருப்பு, பாத்துக்கிடுங்க!"

ஆனால் எந்த நேரத்திலும் நீ இல்லாததைச் சொல்ல விட்டதில்லை. எண்ணெய் ரப்பர் அடி கேட்டு வந்த கடைக்காரரிடம், "அதுல எங்க பசை நிக்காது அண்ணாச்சி. வேற அடி எடுங்க" என்று சொல்லிவிடுவாய். இது கொஞ்சமும் தீங்கில்லாதது என்று நான் ஒருவரிடம் பெருமை அடித்தபோது என்னை அதட்டினாய். "தண்ணினு பேரு இருந்தா குடிக்கவா செய்வ? கையுறையப் போடு, சன்னலத் தொற. கூட்டிச் சொல்லாதளா. இருக்கத மட்டும் சொல்லு."

ஆறு வருடம் இப்படி நடத்தினோம். இரண்டு பேர் எட்டுப் பேரானோம். நீ ஊன்றுகோல் இல்லாமல் நடந்தாய். பாதம் தரையில் கொஞ்சம் தட்டித் தட்டி விழும். ஓட மட்டும் முடியவில்லை. போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய். டெங்கு. ஐந்து நாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். தெருவில் பந்தல் போட்டு ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். பழைய கம்பெனி முதலாளி வந்தார். உன் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நல்ல வேலைக்காரி. பாவம், ஒடம்புதான் மொதல்லயே பலவீனம். அதான் நம்மகிட்ட நிக்க முடியல" என்றார்.

எனக்கு எப்படி எழுந்தேன் என்று தெரியாது. வாசலைத் தாண்டி, பந்தலுக்குள், ஆண்களுக்கு நடுவே போய் நின்றிருந்தேன்.

"மொதலாளி, அவளுக்குப் பலவீனம் எதும் கெடையாது. ஒங்க கொட்டகைக்கு வரும்போது அடி ரப்பர் மூடைய ஒத்தையாத் தூக்குவா. அஞ்சு வருசம் கழிச்சி சுவரப் பிடிச்சிட்டு வெளிய போனா. டாக்டர் எழுதின சீட்டு இந்த வீட்ல இருக்கு. அன்னைக்குச் சென்னைக்காரர் கேட்டப்போ ஒண்ணும் செய்யலனு சொன்னவ நான். அது பொய். எனக்கும் கால் மரத்துச்சி."

யாரோ ஒரு பெரியவர், "அப்போ அந்தப் பசைதான் பிள்ளையக் கொன்னுட்டு" என்றார். கூட்டம் சலசலத்தது. முதலாளியின் முகம் வெளுத்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடம் அத்தனை பேரும் என் பக்கம்.

"இல்ல" என்றேன். "அவ போனது டெங்குல. பசை அவ காலத்தான் எடுத்துச்சி. ரெண்டையும் சேத்துப் பேசாதீங்க. கால எடுத்ததே போதும் கேக்கதுக்கு."

முதலாளி எழுந்து போனார். உன் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியை இழுத்து, ஆண்களின் வரிசையிலேயே போட்டு, "உக்காருமா" என்றார். உட்கார்ந்தேன்.

நான் பேசியதை வாசலுக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் இப்போது அந்தக் கொட்டகையில் வேலை பார்ப்பவர்கள். ஒருத்திக்குக் கால் எரிகிறது. இன்னொருத்திக்கு நீ முதலில் சொன்ன அதே மாதிரி, சுடுகிறதா குளிர்கிறதா என்று தெரியவில்லை. அவர்களை அதே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பசையை மாற்றச் சொல்லியும், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லியும் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். முதல் கையெழுத்து நான் போட்டேன். "நீங்கதான் இப்ப அங்க வேலை பாக்கலையே?" என்று அங்கிருந்தவர் கேட்டார். "பாத்த அஞ்சு வருசம் என் கூடத்தான் இருக்கு" என்றேன்.

மனு மாதக்கணக்காகக் கிடந்தது. நான் போய்ப் போய்க் கேட்டேன். போன வாரம் முதலாளி ஆள் அனுப்பினார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் நம் பட்டறைக்கு அவரே பெரிய ஆர்டர் தருவாராம். வந்தவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நாளைக் காலை பதினோரு மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு மீது விசாரணை. அவர்கள் பக்கம் வக்கீல் வருகிறாராம். தண்ணீர்ப் பசையால் தொழில் நடக்காது என்று சொல்வார்கள். நடக்கிறது என்று நான் சொல்வேன். மெதுவாகக் காயும், உரச வேண்டும், சூடு காட்ட வேண்டும், சில அடிகளில் நிற்காது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்வேன். இருப்பதை மட்டும் சொல்ல உன்னிடம்தான் கற்றேன். என்னிடம் இப்போது உன்னுடையது என்று இருப்பது அது ஒன்றுதான், அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

பயம் போகவில்லை. இதை எழுதும்போதே கை வியர்த்துத் தாள் நனைகிறது. வியர்க்கட்டும். பஸ் ஒன்பது மணிக்கு.